பணம் கட்டினால் பதிவிறக்கும் உரிமை வந்துவிடுமா? (கேள்வி பதில்)

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு, நகரில் கணினி பழுதுபார்க்கும் கடை நடத்தும் ஒருவர் அளித்த பதில்கள்.

கேள்வி (தமிழ்ப்பள்ளி ஆசிரியை): ஓர் இணையத்தளம் 89 ரிங்கிட் கட்டினால் வாழ்நாள் முழுவதும் பாடல்களையும் படங்களையும் கணக்கில்லாமல் பதிவிறக்கலாம், எல்லாம் "நூறு விழுக்காடு சட்டபூர்வமானது" என்கிறது. கட்டலாமா?

பதில்: வேண்டாம் டீச்சர். இத்தகைய தளங்கள் பெரும்பாலும் விற்பது, எவரும் இலவசமாகப் பெறக்கூடிய டோரண்ட் மென்பொருளுக்கான (பயனர்கள் தங்கள் கணினிகளுக்குள் நேரடியாகக் கோப்புகளைப் பகிர உதவுவது) இணைப்பையும், அதைப் பயன்படுத்தும் வழிகாட்டிப் பக்கத்தையும்தான். பாட்டின் பதிப்புரிமை இசை நிறுவனத்திடமோ படைத்தவரிடமோ இருக்கிறது. அவர்களிடம் அனுமதி பெறாதவர் அந்த அனுமதியை உங்களுக்கு விற்க முடியாது. "சட்டபூர்வமானது" என்ற சொல் மென்பொருளைப் பொறுத்தவரை உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதன் வழியாக வரும் படத்தையும் பாட்டையும் அது காப்பாற்றாது. இந்த வியாபாரம் புதிதும் அல்ல. கசா, லைம்வயர் என்ற பழைய கோப்புப் பகிர்வு மென்பொருள்களின் காலத்திலேயே இப்படிப் பலர் பணம் பார்த்தார்கள். உறுப்பினர் கட்டணம் கட்டினால் பதிவிறக்கம் சட்டபூர்வமாகிவிடும் என்று விளம்பரம் செய்த ஒருவர்மீது அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 2005-இல் வழக்குத் தொடுத்தது.

கேள்வி (ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி): அப்போது என் மகன் லைம்வயரின் கட்டணப் பதிப்பையே வாங்கியிருந்தான். அந்தப் பணம் என்னவாயிற்று?

பதில்: ஐயா, அந்தக் கட்டணம் வேகத்துக்கும் வசதிக்கும்தான், பாடல்களுக்கான உரிமை அதில் அடங்கவில்லை. 2010 அக்டோபரில் நியூயார்க் நீதிமன்றத்தின் உத்தரவால் அந்தச் சேவையே முடங்கியது. 2012 ஜனவரியில் அமெரிக்க அரசு மெகாஅப்லோடை முடக்கியபோது நிலைமை இன்னும் மோசம். அது கோப்புகளைத் தன் கணினிகளில் சேமித்துத் தரும் சேவை என்பதால், முறையாகச் சந்தா கட்டித் தங்கள் சொந்தக் கோப்புகளை அங்கே வைத்திருந்தவர்களும் அவற்றை எடுக்க முடியாமல் தவித்தார்கள்.

கேள்வி (கைப்பேசிக் கடையில் வேலை செய்யும் இளைஞர்): நான் எடுக்க மட்டுமே செய்கிறேன், யாருக்கும் கொடுப்பதில்லை. எனக்கு என்ன ஆபத்து?

பதில்: தம்பி, டோரண்ட் அப்படி இயங்குவதில்லை. கோப்பு சிறு துண்டுகளாக வருகிறது. உங்களுக்கு வந்து சேர்ந்த துண்டுகளை, மீதி வந்துகொண்டிருக்கும்போதே உங்கள் கணினி மற்றவர்களுக்கு அனுப்பத் தொடங்கிவிடும். மென்பொருளில் "பியர்ஸ்" என்ற பகுதியைத் திறந்து பாருங்கள்: உங்களோடு இணைந்திருப்பவர்களின் ஐபி முகவரி (இணையத்தில் ஓர் இணைப்பை அடையாளம் காட்டும் எண்), எந்த நாடு, எவ்வளவு வேகத்தில் வாங்குகிறார்கள் என வரிசையாகத் தெரியும். அதேபோல அவர்கள் திரையில் உங்கள் முகவரியும் தெரிகிறது. பதிப்புரிமையாளர்களுக்காகக் கண்காணிப்பவர்களும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்து அதைக் குறித்துக்கொள்ளலாம். நம் நாட்டின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், மீறல் பிரதிகளை விநியோகிப்பதற்குப் பிரதி ஒன்றுக்கு 2,000 முதல் 20,000 ரிங்கிட் வரை அபராதமோ, ஐந்தாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது. வீட்டில் ஒரு படம் இறக்கியவரை நாளையே பிடித்துவிடுவார்கள் என்று நான் பயமுறுத்தவில்லை. ஆனால் நீங்கள் கட்டிய சந்தா ரசீது அங்கே உங்களுக்கு எந்த வகையிலும் துணை நிற்காது.

கேள்வி (செம்பனைத் தோட்டத்து இல்லத்தரசி): என் கணவர் டெபிட் அட்டையில் ஒரே ஒரு முறைதான் கட்டினார். இப்போது மாதாமாதம் பணம் பிடிக்கிறார்கள்.

பதில்: அக்கா, இன்றே வங்கியை அழையுங்கள். கட்டணப் பக்கத்தின் அடியில் சாம்பல் நிறப் பொடி எழுத்தில், தானாகப் புதுப்பிக்கப்படும் என்று ஒரு வரி இருந்திருக்கும்; அதன் பக்கத்துக் கட்டத்தில் முன்கூட்டியே குறியிட்டும் வைத்திருப்பார்கள். அந்தத் தளத்தில் போய் ரத்து செய்ய முயன்று, கேட்கிற விவரங்களையெல்லாம் மறுபடியும் கொடுத்துவிடாதீர்கள். வங்கிச் செயலியிலேயே அட்டையை முடக்கி, அதற்குப் பதிலாக வேறு எண் கொண்ட புதிய அட்டை கேளுங்கள். ஏற்கெனவே பிடித்த தொகைக்கு வங்கியில் எழுத்துப்பூர்வமாக ஆட்சேபம் தெரிவியுங்கள். டெபிட் அட்டையில் உங்கள் சேமிப்புப் பணமே நேராகப் போய்விடுவதால் தாமதம் கூடாது. நீங்கள் அனுமதிக்காத தொகை ஏதாவது போயிருந்தால் 997 என்ற தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண்ணுக்கும் சொல்லி, காவல் நிலையத்தில் புகார் செய்யுங்கள். கணவர் அந்தத் தளத்துக்குக் கொடுத்த கடவுச்சொல்லே மின்னஞ்சலுக்கும் இருந்தால், முதலில் மாற்ற வேண்டியது அதைத்தான்.

கேள்வி: விபிஎன் வாங்கிக்கொண்டால் போதாதா?

பதில்: விபிஎன் உங்கள் இணைப்பை வேறொரு கணினி வழியாகத் திருப்பி ஐபி முகவரியை மறைக்கும், அவ்வளவே. உரிமையையும் தராது, பதிவிறக்கிய கோப்பில் வரும் வைரஸையும் தடுக்காது.

கேள்வி (கல்லூரி மாணவி): அப்படியானால் டோரண்ட்டே கூடாதா?

பதில்: அப்படிச் சொல்வது நியாயமாகாது. உபுண்டு, டெபியன் போன்ற இயங்குதளங்களையும் லிப்ரே ஆபிஸ் என்ற அலுவலக மென்பொருளையும் அவற்றை உருவாக்குபவர்களே டோரண்ட் வழியாக வழங்குகிறார்கள். டோரண்ட் மென்பொருள் வேண்டுமானால் கியூபிட்டோரண்ட் இருக்கிறது. அதைத் தேடுபொறி விளம்பரத்தில் வரும் தளத்திலிருந்து எடுக்காமல், அதன் சொந்தத் தளத்திலிருந்து எடுங்கள். அதற்கு அட்டை எண் தேவையே இல்லை.