குதிரைக்குக் கால் நிற்கவில்லையே! மரப்பொம்மை கேள்வி பதில்

வீட்டிலேயே மரப்பொம்மை செய்வோரிடமிருந்து வந்த கடிதங்களில் பலருக்கும் பயன்படக்கூடிய சில.

கேள்வி: முக்கால் அங்குல மாம்பலகையில் ஐந்து அங்குல உயரத்தில் குதிரை வெட்டினேன். முதல் குதிரைக்கு முன்னங்கால் போயிற்று. மறுபடி செய்தேன், அதே கால், அதே இடம். மரம் சரியில்லையா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: மாமரத்தின் மேல் பழி போடாதீர்கள். பலகையின் நீளவாட்டில் குதிரையைப் படுக்க வைத்து வரைந்திருப்பீர்கள். முதுகுக்கு அது பொருந்தும். கால்களிலோ நார் குறுக்கே ஓடும். விறகு பிளக்கும்போது கோடாலி நார் வழியே சுலபமாக இறங்குமே, உங்கள் குதிரைக்கு நடந்ததும் அந்தப் பிளவுதான்.

அட்டையில் வெட்டிய படத்தைப் பலகைமேல் திருப்பித் திருப்பி வைத்துப் பாருங்கள். உருவத்தில் எந்தப் பகுதி மிக ஒல்லியோ அது நார் ஓட்டத்தோடு போக வேண்டும். குதிரைக்கு அது கால். அப்படி வைத்தால் வால் குறுக்கே போய்விடும்; வாலை மரத்தில் வெட்டாமல் துளை போட்டு நூல்கொத்தாகச் செருகி ஒட்டிவிடலாம். கால் எங்கேயும் 20 மி.மீ.க்குக் குறையக் கூடாது.

கால் வயிற்றோடு சேரும் மூலையைக் கூர்மையாக விட்டாலும் விரிசல் அங்கேதான் தொடங்கும். ரம்பம் எடுப்பதற்கு முன் அந்த மூலையில் 8 மி.மீ. துளை போட்டுக்கொள்ளுங்கள். பிறகு துளையை நோக்கி அறுங்கள். மூலை தானாக வளைவாக வரும், ரம்பத்தைத் திருப்பவும் இடம் கிடைக்கும்.

இதெல்லாம் தொல்லை என்றால் 12 மி.மீ. பிளைவுட்டுக்கு மாறுங்கள். அதில் ஏடுகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டப்பட்டிருப்பதால் எந்தப் பக்கம் வெட்டினாலும் கால் நிற்கும்.

கேள்வி: பிளைவுட்டில் அறுத்தால் ஓரமெல்லாம் பிய்ந்து வருகிறது. உள்ளே ஓட்டையும் தெரிகிறது. எந்தப் பிளைவுட் வாங்குவது?
– வாசகர், திருப்பூர்

பதில்: ஓட்டை கடையில் ஏறியது, பிய்ந்தது உங்கள் ரம்பத்தில்.

மலிவுச் சரக்கில் நடு ஏடுகளைத் துண்டு துண்டாக அடுக்கியிருப்பார்கள். இடைவெளி வெளியே தெரியாது, அறுத்ததும் தெரியும். வாங்கும்போது நான்கு ஓரத்தையும் பாருங்கள். 12 மி.மீ. தடிமனுக்கு ஏடு எத்தனை என்று எண்ணுங்கள். அதிகமாக இருந்தால் நல்லது. பிர்ச் மர ஏடுகளால் ஆன பிர்ச் பிளை கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் ஐ.எஸ். 710 முத்திரையுள்ள பி.டபிள்யூ.பி. (கொதிநீரையும் தாங்கும்) பலகை. சாதாரண எம்.ஆர். (ஈரப்பதம் மட்டும் தாங்கும்) ரகத்தில் பெரும்பாலும் யூரியா ஃபார்மால்டிஹைடு பசை. அதன் நெடி கண்ணைக் கரிக்கும். முழு ஷீட் எதற்கு? மாடுலர் கிச்சன் செய்யும் பட்டறைகளில் இரண்டடித் துண்டுகள் எடைக்குக் கிடைக்கும்.

மின்சார ஜிக்சாவின் பிளேடு மேலே ஏறும்போது வெட்டும். ஆகவே பிய்வது மேல் முகத்தில். படத்தைப் பின்பக்கத்தில் வரைந்து அறுங்கள், நல்ல முகம் கீழே இருக்கட்டும். அங்குலத்துக்கு 18 முதல் 20 பல் உள்ள நுண்பிளேடு போடுங்கள். கோட்டின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி அறுத்தால் மீதிப் பிய்ச்சலும் நிற்கும்.

கேள்வி: வேப்பங்கிளையை வட்ட வட்டமாக நறுக்கிச் சக்கரம் செய்தேன். பதினைந்து நாளில் எல்லாம் வெடித்துவிட்டது. பலகையில் செய்த சக்கரமோ சுற்றவே இல்லை.
– வாசகர், காரைக்குடி

பதில்: கிளை வட்டம் வெடிக்கத்தான் செய்யும். மரம் காயும்போது வளைய வாட்டில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளியே போகும் வாட்டில் சுருங்குவதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்த இழுபறியில் முக்கோணமாக ஒரு வெடிப்பு விழும். சக்கரத்தைப் பிளைவுட்டிலோ நன்றாகக் காய்ந்த பலகையிலோதான் வெட்ட வேண்டும்.

ட்ரில்லில் மாட்டும் ஹோல் சா (வட்டமாக அறுக்கும் ரம்பம்) போதும். 51 மி.மீ. அளவுள்ளதில் கிடைக்கும் வட்டம் 47, 48 மி.மீ.தான் இருக்கும், ரம்பத்தின் தடிமன் தின்றுவிடும். ஒரே பக்கத்திலிருந்து முழுக்க இறக்காதீர்கள். நடுக்கூர் அடியில் எட்டிப் பார்த்ததும் பலகையைத் திருப்பி மறுபக்கத்திலிருந்து முடித்தால் ஓரம் பிய்யாது, வட்டமும் ரம்பத்துக்குள் சிக்காது.

சுற்றாததற்கு இரண்டு காரணம் இருக்கலாம். அச்சும் துளையும் ஒரே அளவாக இருந்தால் ஐப்பசி மழையில் மரம் உப்பி இறுகிவிடும். 6 மி.மீ. அச்சுக் குச்சிக்கு வண்டி உடலில் 7.5 மி.மீ. துளை போடுங்கள், அச்சு வண்டிக்குள் தாராளமாகச் சுழலட்டும், சக்கரம் அச்சோடு ஒட்டியிருக்கட்டும். இன்னொன்று பசை. சக்கரத் துளைக்குள் தடவிவிட்டுக் குச்சியை உள்பக்கத்திலிருந்து நுழைத்தால், பசை குச்சியோடு சேர்ந்து வெளிப்பக்கம் போகும். குச்சியில் தடவினால் உடல் பக்கம் வழிந்து எல்லாவற்றையும் ஒட்டிவிடும். சக்கரத்துக்கும் உடலுக்கும் நடுவே ஒரு வாஷர், 1 மி.மீ. இடைவெளி. ஹோல் சாவின் நடுத்துளை பெரும்பாலும் கால் அங்குலம், அதாவது 6.35 மி.மீ. என்பதால் 6 மி.மீ. குச்சி கொஞ்சம் ஆடும்; மரத்தூளைப் பசையில் குழைத்து நிரப்புங்கள்.

கேள்வி: பேரனுக்கு நடைவண்டி செய்ய வேண்டும். கடையில் வாங்கியது பின்னால் சாய்கிறது, டைல்ஸ் தரையில் பறக்கிறது.
– வாசகர், மதுரை

பதில்: குழந்தை நடைவண்டியைத் தள்ளுவதற்கு முன், அதைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பார்க்கும். சாய்வது அப்போதுதான். கைப்பிடி பின் அச்சுக்கு நேராகவோ அதற்குப் பின்னாலோ இருந்தால், முழு எடையும் வண்டியைப் பின்னால் கவிழ்க்கும். பின் அச்சு கைப்பிடியைவிட 5, 6 செ.மீ. பின்னால் வரட்டும். இன்னும் தள்ளி வைக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். முன்னால் ஒற்றைச் சக்கரம் என்பதால் வண்டியின் பிடிமானம் முக்கோணம். கைப்பிடி முன்னே போகப் போக அந்த முக்கோணம் குறுகி, வண்டி பக்கவாட்டில் கவிழும்.

பின் அச்சைக் குறுக்கே ஒரே கம்பியாகப் போட்டால் குழந்தையின் கால் அதில் இடிக்கும். பக்கச் சட்டங்கள் இரண்டிலும் தனித்தனியாக 10 மி.மீ. போல்ட் மாட்டுங்கள்; தலையும் நட்டும் வெளியே துருத்தாமல் குழிக்குள் இருக்கட்டும். சட்டங்களுக்கு நடுவே 35 செ.மீ., கைப்பிடி தரையிலிருந்து 42 முதல் 45 செ.மீ., பின் சக்கரத்துக்கும் முன் சக்கரத்துக்கும் 40 செ.மீ. முன்பக்கம் கனமாக இருந்தால்தான் பின்னால் இழுத்தாலும் நிற்கும். முன் சக்கரத்துக்கு மேலே ஒரு தேக்குக் கட்டையைத் திருகிவிடுங்கள். முடித்ததும் கைப்பிடியில் ஐந்து கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்டு, பின்னாலும் பக்கத்திலும் லேசாக இழுத்துப் பாருங்கள். முன் சக்கரம் தரையை விட்டால் கட்டை போதவில்லை.

ஓட்டத்தை அடக்க: சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் இடையே பழைய சைக்கிள் டியூபில் வெட்டிய வாஷர் வைத்து நைலாக் நட்டால் (உள்ளே நைலான் வளையம் உள்ள, தானாகத் தளராத நட்) முடுக்குங்கள். முடுக்க முடுக்க வண்டி மெதுவாகும். குழந்தை தேறியபின் தளர்த்தலாம். சக்கரத்தைச் சுற்றியும் டியூப் பட்டை ஒட்டினால் டைல்ஸில் வழுக்காது. அச்சில் எண்ணெயோ மெழுகோ போடாதீர்கள்.

கேள்வி: எட்டு மாதக் குழந்தை எதையும் வாயில் வைக்கிறது. தேங்காய் எண்ணெய் மட்டும் தடவினால் போதாதா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: தேங்காய் எண்ணெய் காயாது. தூசி ஒட்டும், கொஞ்ச நாளில் காறல் வாடை வரும். முதலில் உப்புத்தாள்: 80, 120, 180, 220 என்று வரிசையாக. பிறகு ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள். படுத்திருந்த நார் எழும்பிச் சொரசொரக்கும். மறுபடி 220 போட்டால் பிறகு எச்சில் பட்டாலும் எழாது. இந்த ஒரு வேலையைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

அதன் மேல் அரக்கு. கன்னட நாட்டுச் சென்னபட்டணத்தில் வெட்பாலை மரத்தைக் கடைசலில் சுழலவிட்டு அரக்குக் குச்சியை அழுத்துவார்கள். உரசும் சூட்டில் அரக்கு உருகிப் பிடிக்கும், தாழை இலையால் மெருகேற்றுவார்கள். கடைசல் இல்லாதவர்கள் 100 கிராம் அரக்குத் தகட்டை அரை லிட்டர் ஸ்பிரிட்டில் ஒரு நாள் ஊறவைத்து வடிகட்டி, மூன்று மெல்லிய பூச்சு, ஒரு மணி நேர இடைவெளியில். ஸ்பிரிட் நஞ்சு, சட்டெனத் தீப்பற்றும்; அடுப்படியில் வேண்டாம். நெடி முழுதும் போகும்வரை, ஒரு வாரமாவது, பொம்மையைக் குழந்தையிடம் தராதீர்கள்.

கடையில் விற்கும் ‘காய்ச்சிய’ ஆளிவிதை எண்ணெயில் சீக்கிரம் காய்வதற்காக உலோக உப்புகள் சேர்ப்பது வழக்கம், பொம்மைக்கு வேண்டாம். வேறு வேலைக்குப் பயன்படுத்தினால் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். வண்டிப் பட்டறையில் மிஞ்சிய எனாமலும் கூடாது. வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) தாண்டக் கூடாது என்ற 2016 விதி, தொழிற்சாலைப் பெயின்டுக்கு இல்லை.

மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு அளவு முக்கியம். தொண்டையில் சிக்கக்கூடிய சிறு துண்டா என்று பார்க்கும் சோதனை உருளையின் விட்டம் 31.7 மி.மீ.; பழைய ஃபிலிம் ரோல் டப்பா ஏறக்குறைய அதே அளவு. அதற்குள் முழுதாக அடங்கும் எதையும் கொடுக்காதீர்கள். இழுக்கும் கயிறு ஒரு சாணுக்கு மேல் வேண்டாம்.

கேள்வி: பார்சல் பெட்டி மரம் பயன்படுத்தலாமா?
– வாசகர், ஓசூர்

பதில்: முத்திரையைப் பாருங்கள். எச்.டி. (HT) என்றால் சூடேற்றிப் பதப்படுத்தியது, எடுக்கலாம். எம்.பி. (MB) என்றால் மெத்தில் புரோமைடு புகையிட்டது, தொடாதீர்கள். முத்திரையே இல்லாவிட்டாலும் அதே பதில். ஆணியைப் பிடுங்கிவிட்டே அறுங்கள்.