நல்லூர்ப் பக்கம் நாள் வாடகைக்கு வீடு: வருகிறவர்களுக்கு என்ன மெத்தை, என்ன விரிப்பு?

கேட்டிருப்பது இது: யாழ்ப்பாணத்தில் அம்மாவின் பழைய வீட்டில் இரண்டு அறைகளைத் திருத்தி நாள் வாடகைக்குக் கொடுக்கப் போகிறீர்கள், நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழாவுக்கு முன் தொடங்க எண்ணம், மெத்தை, தலகணி, விரிப்பு எல்லாம் புதிதாக வாங்க வேண்டும், ஹோட்டல் போல முழுக்க வெள்ளையில் போடலாமா என்றும் ஒரு யோசனை. நானும் அந்தப் பக்கம்தான் மேல்மாடி அறைகளைக் கொடுக்கிறேன், அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

இணையத்தில் இதைப்பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் குளிர் நாட்டுக்காரர். அவர்கள் சொல்லும் தடித்த மெமரி ஃபோம் மெத்தை, நாலைந்து அலங்காரத் தலகணி, உள்ளே இறகு வைத்த போர்வை எல்லாம் படத்தில் நன்றாகத்தான் இருக்கும். இங்கே படுக்கைக்குப் பரீட்சை இரண்டு. ஆவணி மாதத்து நடுச்சாமத்தில் கரண்ட் போய் ஏ.சி. நின்ற பிறகும் அதில் படுத்திருக்க முடியுமா? நம் கிணற்றுத் தண்ணியில் திரும்பத் திரும்பத் தோய்த்த பிறகும் விரித்துக் காட்டக்கூடிய நிலையில் இருக்குமா? இந்த இரண்டிலும் தேறாத எதையும் கடைக்காரர் பாதி விலைக்குத் தந்தாலும் வேண்டாம் என்பேன்.

மெத்தையில்தான் பணத்தைப் போட வேண்டும். மெமரி ஃபோம் உடம்புச் சூட்டில் இளகி உடம்போடு ஒட்டிப் பிடிக்கிற சாமான், சூட்டையும் விடாது. ஏ.சி. ஓடும்வரை அது தெரியாது, நின்று கொஞ்ச நேரத்தில் முதுகு நனைந்துவிடும். எங்கள் வெக்கைக்குத் தேங்காய்த் தும்பும் இறப்பர்ப் பாலும் சேர்த்து அழுத்திச் செய்கிற தும்பு மெத்தை நல்லது. காற்றோட்டம் உண்டு, சீக்கிரம் பள்ளம் விழாது. சிலருக்கு அது கல்லுப்போல இருக்கும் என்பதும் உண்மை, அதற்குத்தான் மேலே ஓர் அங்குலம் இரண்டு அங்குலத்துக்கு இறப்பர்ப் படை வைத்து வருகிற மெத்தைகள் இருக்கின்றன, நான் வாங்குவதென்றால் அதைத்தான் வாங்குவேன். முழுக்க இறப்பர்ப் பாலில் செய்கிற லேட்டெக்ஸ் மெத்தை இன்னும் சொகுசு, இறப்பர் விளைகிற நாடு என்பதால் இலங்கையிலேயே செய்கிறார்கள், ஆனால் விலை கூட. அப்படி வாங்கினால் ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம், லேட்டெக்ஸ் மெத்தையையோ தலகணியையோ வெய்யிலில் போடக்கூடாது. வெய்யில் பட்டுப் பட்டு இறப்பர் மஞ்சளாகி, வெடித்து, பொடியாக உதிரத் தொடங்கிவிடும். நம் ஆட்கள் மெத்தை என்றாலே முத்தத்தில் தூக்கிப் போட்டு இரண்டு தட்டுத் தட்டுகிறவர்கள். அது இலவம் பஞ்சுக்குச் சரி, இதற்குச் சரிவராது, உதவிக்கு வருகிறவரிடமும் சொல்லி வையுங்கள். காற்றுப் படுகிற விறாந்தையில் நிழலாக நிமிர்த்தி வைத்தால் போதும். ஸ்பிரிங் மெத்தை கூடாது என்று சொல்ல மாட்டேன், ஆனால் மலிவானதை எடுத்தால் ஒருவர் புரள மற்றவர் எழும்புவார்.

அளவைப்பற்றி ஒருவரும் யோசிப்பதில்லை. இங்கே கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கிற மெத்தை 72 அங்குல நீளம், அதாவது சரியாக ஆறடி. திருவிழாவுக்கு வருகிறவர்களில் லண்டன், பாரிஸ், சூரிச் என்று போன குடும்பங்கள் நிறைய, அங்கே பிறந்து வளர்ந்த பெடியள் சிலர் ஆறடியைத் தாண்டியவர்கள். ஐரோப்பாவில் வழமையான மெத்தை நீளம் 200 சென்ரிமீற்றர், கிட்டத்தட்ட 79 அங்குலம். ஆறடிக் கட்டிலில் கால்மாட்டில் பலகையும் இருந்துவிட்டால் அந்தப் பிள்ளை இரவு முழுக்க முடங்கித்தான் கிடக்க வேண்டும். ஓர் அறையிலாவது 78 அங்குல மெத்தை போடுங்கள், கால்மாட்டில் பலகை இல்லாத கட்டிலாக. அம்மாவின் வீட்டில் பழைய கட்டில்கள் இருந்தால் விற்க வேண்டாம், அதைப் பார்க்கவே வருகிற ஆட்கள் உண்டு. ஆனால் அவை அந்தக் காலத்துத் தச்சர் வைத்த அளவு, கடை அளவுக்கு வராது. சட்டத்தின் உள்ளளவை எடுத்துக்கொண்டு போய் மெத்தையை அந்த அளவுக்கே செய்யச் சொல்லுங்கள். பக்கத்தில் நாலு விரல் இடைவெளி விட்டீர்கள் என்றால் கைபேசி, மூக்குக்கண்ணாடி, குழந்தையின் கை எல்லாம் அதற்குள்தான் போகும்.

அப்புறம் பாய். சிரிக்காதீர்கள். ஓர் அறையைப் பதிந்துவிட்டு அம்மம்மா, மகள், பேரப்பிள்ளை என்று மூன்று தலைமுறை வந்து இறங்கும். கனடாவிலிருந்து வந்த ஓர் அம்மா, வந்த அன்றிரவே படியிறங்கி வந்து, "தம்பி, பாய் ஒண்டு கிடக்கே? மெத்தை நல்ல மெத்தைதான், ஆனா ஊருக்கு வந்தும் கட்டில்ல படுத்தா எனக்கு நித்திரை வராது" என்றார். பாயைக் கொண்டுபோய் மின்விசிறிக்கு நேர் கீழே விரித்ததும், கட்டிலில் கிடந்த தலகணி இரண்டையும் என் கையிலேயே திருப்பித் தந்துவிட்டு, மடித்த சேலை ஒன்றைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டார். விரதம் இருக்கிறவர்களும் பாய் கேட்பார்கள். அலுமாரிக்கு மேல் இரண்டு பாயும் மடிக்கிற மெல்லிய மெத்தை ஒன்றும் இருக்கட்டும். பனையோலைப் பாய் என்றால் மேலே போட ஒரு பழைய பருத்தி விரிப்பும் சேர்த்துக் கொடுங்கள், வெளிநாட்டுப் பிள்ளைகளின் முதுகில் ஓலை அச்சு விழுந்துவிடும். மழைக்காலத்தில் பாயில் பூஞ்சணம் பிடிக்கும், நன்றாகக் காய்ந்த பிறகு சுருட்டுங்கள்.

விரிப்புக்கு வருவோம். முழுப் பருத்தி, வேறொன்றும் வேண்டாம். பொலியெஸ்டர் கலந்தது சுருங்காது, கெதியாகக் காயும், நடத்துகிறவருக்கு வசதி, படுக்கிறவருக்குத்தான் வேர்வை. கொஞ்ச நாளில் குட்டிக் குட்டி உருண்டையாகத் திரண்டு முதுகிலும் உரசும். உறையில் நூல் எண்ணிக்கை 800, 1000 என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். ஒரு சதுர அங்குலத்துக்குள் அத்தனை நூலை நெருக்க இடமில்லை, முறுக்கிய நூலின் ஒவ்வொரு இழையையும் தனித்தனியாக எண்ணித்தான் அந்தக் கணக்கு வருகிறது. 200க்கும் 300க்கும் இடையில் இருந்தால் நமக்குத் தாராளம். நெசவும் ஒன்று மேலே ஒன்று கீழே போகிற சாதாரண நெசவாக இருக்கட்டும், பெர்கேல் என்று சொல்வார்கள், மொரமொரப்பாக, குளிர்ச்சியாக இருக்கும். பளபளவென்று வழுக்குகிற சற்றீன் நெசவு தொடுவதற்கு ஆசைதான், ஆனால் காற்று அவ்வளவாகப் போகாது. கடையிலேயே பார்க்கலாம்: ஒற்றை மடிப்பை வாயோடு பிடித்து ஊதுங்கள், மறுபக்கத்தில் வைத்த கைக்கு மூச்சுத் தெரிய வேண்டும். கலப்படமா என்று சந்தேகமென்றால் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டிப் பாருங்கள். பருத்தி கடதாசி எரிந்த மணத்தோடு சாம்பலாகும், பொலியெஸ்டர் உருகி முனையில் கறுப்பாக ஒரு மணி திரளும். நீள அகலத்தில் கொஞ்சம் கூட்டியே வாங்குங்கள், முதல் தோய்ப்பிலேயே பருத்தி சுருங்கும். விருந்தினருக்கு விரிக்க முன் ஒருதரம் தோய்த்துவிடுங்கள், கஞ்சிப் பசை போகட்டும்.

வெள்ளையா நிறமா? வெள்ளை போடலாம், சுத்தம் கண்ணுக்குத் தெரியும், வருகிறவருக்கு நம்பிக்கை வரும். ஆனால் திருவிழாவின் 25 நாளும் வேறு கதை. நல்லூர்க் கோயிலுக்குள் ஆண்கள் மேற்சட்டை இல்லாமல்தான் போக வேண்டும், நெற்றி, நெஞ்சு, தோள் எல்லாம் சந்தனத்தோடு வந்து களைப்பில் அப்படியே சாய்வார்கள். தலகணி உறையில் குங்குமம், கால்மாட்டில் செம்மண். வீபூதி உதறினால் போய்விடும், மற்றதெல்லாம் போகாது. அதற்கென்று சந்தன நிறத்தில் தனியாக ஒரு தொகுதி வைத்துக்கொள்ளுங்கள், வெள்ளையை மற்ற மாதங்களுக்கு எடுக்கலாம். மஞ்சள் பட்ட இடத்தில் சவர்க்காரம் போட்டதும் இரத்தம் போலச் சிவக்கும், பயப்பட வேண்டாம், மஞ்சளின் குணம் அது. நன்றாக அலசி, ஈரத்தோடு உச்சி வெய்யிலில் போட்டால் மெல்ல மெல்ல வெளிறிவிடும். கடையில் வருகிற சாயக் குங்குமம் அப்படிப் போகாது, காய முன்னர் பச்சைத் தண்ணியில் ஊறவைத்தால்தான் உண்டு.

பெரிய பிரச்சினை தண்ணிதான். யாழ்ப்பாணம் முழுக்கச் சுண்ணாம்புக்கல், கிணற்றுத் தண்ணி வன்தண்ணி. கட்டிச் சவர்க்காரம் போட்டுத் தோய்த்தால் நுரை வராமல் பிசுபிசுவென்று ஒரு படிவுதான் வரும், அது நூலுக்குள் ஏறித்தான் வெள்ளைத் துணி சாம்பல் நிறமாகிறது. எவ்வளவு வெளுக்கும் திரவம் ஊற்றினாலும் அது மாறாது. சலவைத்தூள் பாவியுங்கள், கடைசி அலசலில் அரைக் கோப்பை வெள்ளை வினாகிரி விடுங்கள், மாரியில் மழைத்தண்ணி பிடித்து வைத்தால் வெள்ளைக்கு அதைவிட நல்லது கிடையாது. ஆனால் வினாகிரியையும் குளோரின் வெளுக்கும் திரவத்தையும் ஒன்றாக ஊற்றவே கூடாது, நச்சுவாயு கிளம்பும். வெளிநாட்டார் பூசுகிற வெய்யில் கிறீம் இன்னொரு தலையிடி. அது விரிப்பில் பட்டு, தண்ணியில் இரும்பும் இருந்தால், துருப் போலக் கறை விழும், குளோரின் ஊற்ற ஊற்றக் கூடுமே தவிரக் குறையாது. அந்த இடத்தில் எலுமிச்சம்புளி தேய்த்துப் பாருங்கள்.

போர்வை: வருகிறவர்கள் ஏ.சி.யை 18இல் வைத்துவிட்டு இழுத்துப் போர்ப்பார்கள், அதை நிறுத்த நம்மால் முடியாது. ஆளுக்கொரு மெல்லிய பருத்திப் போர்வை கொடுங்கள். ஜேர்மனி, சுவிஸ் பக்கத்தில் புருஷன் பெண்சாதிக்கும் தனித்தனிப் போர்வைதான் வழக்கம், ஒன்றைக் கொடுத்தால் இரவில் இழுபறிதான். வளைகுடாவிலிருந்து கொண்டுவருகிற அந்தப் புலிப்படம் போட்ட ரோமப் போர்வையை அம்மா ஆசையாக எடுத்துத் தருவார், அன்பாக வாங்கி உள்ளே வையுங்கள். ஒருதரம் தோய்த்தால் காயவே இரண்டு நாள் வேண்டும். போர்வைக்கும் உடம்புக்கும் இடையில் ஒரு மேல்விரிப்பு போட்டால் வருகிறவருக்குத் தோய்த்த துணியில் படுத்த திருப்தி. சிலர் அதை உதறி எறிந்துவிட்டுப் போர்வையோடு படுப்பார்கள், அதனால் நான் போர்வையையும் ஆள் மாறும்போதெல்லாம் தோய்க்கப் போட்டுவிடுவேன், மெல்லியதாக வாங்கச் சொன்னது அதற்கும்தான்.

மெத்தை உறை கட்டாயம். ரெக்சின் மாதிரிச் சரசரக்கிற பிளாஸ்டிக் உறை போட்டால் மெத்தை பிழைக்கும், படுக்கிறவர் அவிந்துபோவார். மேலே பருத்தி, அடியில் மெல்லிய பொலியூரிதேன் படலம் வைத்தது கிடைக்கிறது, தண்ணி இறங்காது, ஆவி போகும். குழந்தைகள் வருகிற வீட்டுக்கு அதுதான் காப்பு. தலகணி ஆளுக்கு இரண்டு, ஒன்று தட்டையாக, ஒன்று கொஞ்சம் உயரமாக. அதற்கும் சிப் வைத்த உள்ளுறை போடுங்கள், தலைக்கு நல்லெண்ணெய் வைத்து முழுகுகிற ஊர் இது. அலங்காரத் தலகணிகளை நிலத்தில்தான் எறிவார்கள், வாங்காமலே விடலாம்.

நுளம்பு வலையை விட்டுவிடாதீர்கள், மாரி மழையோடு டெங்கும் வரும். கூரையில் ஒற்றைக் கொளுவியில் தொங்குகிற வட்ட வலை மின்விசிறியோடு சண்டை பிடிக்கும், முகத்திலும் வந்து விழும். நாலு மூலையிலும் கட்டுகிற பெட்டி வலைதான் வசதி. வலைக்குள் காற்றுக் குறையும் என்பதால் சுவரோடு ஒரு விசிறியும் இருந்தால் நல்லது.

மூட்டைப்பூச்சி பயணப் பெட்டியோடுதான் வரும். பெட்டியை மெத்தையில் வைத்துத் திறக்காதபடி அறையில் ஒரு வாங்கு போடுங்கள். ஆள் போனதும் மெத்தையின் தையல் ஓரங்களைப் பாருங்கள், பேனையால் குத்தியது போலக் கறுப்புப் புள்ளிகள் இருந்தால் அந்த அறையை அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டாம். துணியை 60 பாகைச் சுடுதண்ணியில் தோய்த்துவிட்டு மருந்தடிக்கிற ஆளைக் கூப்பிடுங்கள்.

கட்டிலுக்கு மூன்று தொகுதி வேண்டும், ஒன்று விரித்தபடி, ஒன்று கொடியில், ஒன்று அலுமாரியில். கார்த்திகை மார்கழி மழையில் நாலு இருந்தாலும் போதாது போல இருக்கும். கொடியை வேப்பமரத்துக்குக் கீழே கட்டாதீர்கள், காகம் பார்த்துக்கொண்டிருக்கும். பழைய கட்டில் அளவுக்கு விரிப்பு கடையில் கிடைக்காது, துணி எடுத்துத் தைப்பிக்கத்தான் வேண்டும். அகலத் துணியாக எடுங்கள், நடுவில் மூட்டு வந்தால் முதுகில் உறுத்தும். தலகணி உறையை மட்டும் இரண்டு மடங்காகத் தைப்பியுங்கள், முதலில் பழுதாவது அதுதான். திருவிழா நெருங்கினால் தையல்காரர்கள் சட்டைத் துணியைத் தவிர வேறெதையும் கையில் எடுக்க மாட்டார்கள், அளவெடுத்து இந்தக் கிழமையே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.