மேல் ரூமில் இருக்கிறேன், தூக்கம் வரவில்லை

கேள்வி: தாராவியில் நைன்ட்டி ஃபீட் ரோட்டுக்கு உள்ளே ஒரு கல்லியில், அதாவது சந்தில், இருக்கிறோம். என் வீட்டுக்காரர் இருந்தபோது, 2006இல் கைக்காசு கொடுத்து வாங்கிய மேல் ரூம். அவர் போய் நான்கு வருடமாகிறது. நான் இட்லி அவித்து சைக்கிள் வியாபாரிகளுக்குக் கொடுக்கிறேன். மகன் பன்னிரண்டாவது படிக்கிறான். தாராவியை இடித்துப் புதிதாகக் கட்டும் திட்டத்துக்காக சர்வேக்காரர்கள் கதவில் நம்பர் எழுதிவிட்டுப் போனதிலிருந்து மனசு பதறுகிறது. மேல் ரூம்காரர்களுக்கு ஒன்றுமே கிடையாது என்கிறார்கள். மாஹிம் மாதா கோயிலில் ஒன்பது புதன்கிழமை ஜெபிக்கும் நவநாளுக்கு ஏழு புதன்கிழமை போய்விட்டேன். ஜெபக்கூட்டத்தில் ஒரு அக்கா, “பயம் இருந்தால் விசுவாசம் இல்லை என்று அர்த்தம்” என்றார். என் விசுவாசம் பொய்யா?

பதில்: சகோதரி, முதலில் அந்த அக்கா சொன்னதை ஓரமாக வையுங்கள். சிலுவையில் அறையப்படுவதற்கு முந்தின இரவு கெத்சமனித் தோட்டத்தில் இயேசுவுக்கே திகில் வந்தது என்று மாற்கு எழுதி வைத்திருக்கிறார். இந்தத் துன்பக் கிண்ணம் வேண்டாமே என்று கேட்டவர் அவர். அவருக்கு விசுவாசம் இல்லை என்று அந்த அக்கா சொல்வாரா, கேட்டுப் பாருங்கள். (கேட்க வேண்டாம், சண்டை வரும்.)

அடுத்தது வீட்டு விஷயம். “ஒன்றுமே கிடையாது” என்பது கல்லிப் பேச்சு. திட்டத்தில் இருப்பது இது: 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருக்கும் வீடுகளுக்கு தாராவியிலேயே 350 சதுர அடி இலவசம். அதற்குப் பின் 2011 ஜனவரி 1 வரை வந்த தரைத்தளத்தாருக்கு தாராவிக்கு வெளியே, மும்பைப் பெருநகர எல்லைக்குள் 300 சதுர அடி, இரண்டரை லட்சம் ரூபாய்க்கு. மேல் தளத்தில் இருப்பவர்களுக்கு, 2022 நவம்பர் 15க்கு முன்பே குடியிருந்தால், வெளியே வாடகை வீடு. பிற்பாடு அதைச் சொந்தமாக்கிக்கொள்ளவும் வழி உண்டு. நீங்கள் இந்த மூன்றாவது வரிசை. ஆக, தெருவில் நிற்கப் போவதில்லை. ஆனால் கல்லியை விட்டுப் போக வேண்டிவரலாம். இதை மறைத்து “எல்லாம் நல்லபடியாக நடக்கும்” என்று எழுத எனக்கு மனசு வரவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். என் அப்பா பரேலில் ஒரு துணி மில்லில் வேலையில் இருந்தார். 1982 ஜனவரி 18ஆம் தேதி வேலைநிறுத்தம் தொடங்கியபோது எனக்கு ஒன்பது வயது. ஊர் முழுக்க இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் வெளியே நின்றார்கள். அப்பா தினமும் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு மில் கேட் வரை போய்ப் பார்த்துவிட்டு வருவார். “மாதா கைவிட மாட்டாள், திறந்துவிடும்” என்பார். அந்த மில் அப்புறம் திறக்கவே இல்லை. அம்மாவின் ஜெபம் வேறு மாதிரி. அரிசி டப்பாவுக்குள் கையை விட்டு அளந்து பார்ப்பார். “இன்னிக்கு இருக்கு” என்று சொல்லி, மாவு ஒட்டிய விரலால் சிலுவை போட்டுக்கொள்வார். மத்தியானம் முறுக்கு சுட்டு, பக்கத்துக் கட்டடங்களில் விற்கப் போவார். அப்பாவின் விசுவாசம் குறைந்ததல்ல. ஆனால் அவர் நம்பிக்கொண்டிருந்தது அந்த கேட்டை என்று இப்போது தோன்றுகிறது. பாவம், கேட் மூடியே கிடந்ததும் மாதா மேல் கோபித்துக்கொண்டு இரண்டு வருடம் கோயில் பக்கமே வரவில்லை.

பைபிளில் எலியா கதை நினைவிருக்கிறதா? உயிருக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடுகிறார். ஒரு சூரைச் செடிக்கடியில் உட்கார்ந்து, போதும் ஆண்டவரே, என்னை எடுத்துக்கொள்ளும் என்கிறார். சாதாரண ஆளா? தீர்க்கதரிசி! ஆண்டவர் அவரைத் திட்டவில்லை, விசுவாசம் எங்கே என்று கேட்கவும் இல்லை. அவரைத் தூங்கவிடுகிறார். வானதூதர் வந்து தட்டி எழுப்பிச் சாப்பிடு என்கிறார். பார்த்தால் தலைமாட்டில் தணலில் சுட்ட அடையும் தண்ணீரும். சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்குகிறார். தூதர் இரண்டாம் முறையும் எழுப்பி ஊட்டாத குறையாகச் சாப்பிடச் சொல்கிறார்: நீ போக வேண்டிய பயணம் நெடுந்தூரம் என்று. பயணத்தை ரத்து செய்துவிட்டேன் என்று சொல்லவில்லை, பாருங்கள். நாற்பது நாள் நடக்க வேண்டியிருந்தது. அதற்கு முன் ஒரு அடை கிடைத்தது.

உங்களுக்கு இப்போது முதலில் வேண்டியது அந்தத் தூக்கம். மூன்று மணிக்கு எழுந்து அடுப்பு பற்றவைப்பவர் ராத்திரி பதினொரு மணி வரை கல்லியில் நின்று சர்வே பேச்சு கேட்டுக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் பதறாது? மாவு அரைத்து வைத்ததும் படுத்துவிடுங்கள். சர்வே பற்றிய வாட்ஸப் குரல் பதிவுகளை மகன் கேட்கட்டும். வேண்டியதை மட்டும் காலையில் அவன் சொல்வான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனையும் உட்காரவைத்து, ரூம் வாங்கிய காகிதம், 2022க்கு முந்தைய கரண்ட் பில், ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, கணவரின் இறப்புச் சான்றிதழ், கதவு நம்பர் தெரிகிற போட்டோ எல்லாவற்றையும் ஒரே பைலில் போடுங்கள். இரண்டு செட் ஜெராக்ஸ். பழைய காகிதங்கள் கணவர் பெயரில் இருக்கும் என்பதால் இறப்புச் சான்றிதழை மறக்க வேண்டாம். யாராவது “காசு கொடு, தரைத்தளம் என்று போட்டுத் தருகிறேன்” என்றால் கொடுக்காதீர்கள்.

சைக்கிள்காரர்களிடமும் பேச்சுவாக்கில் கேட்டு வையுங்கள், தாராவிக்கு வெளியே எங்கெங்கே இட்லி கொண்டுபோகிறார்கள் என்று. போகிற இடத்திலும் அடுப்பு எரிய வேண்டுமே.

நவநாளுக்கு இன்னும் இரண்டு புதன் பாக்கி. கடைசி வாரம் வீடு வேண்டி, மெழுகில் செய்த சின்ன வீடு வாங்கி மாதாவுக்கு வைப்பீர்கள் என்று நினைக்கிறேன், அங்கே எல்லோரும் வைப்பதுதானே. வையுங்கள். எந்தக் கல்லி, எந்த மாடி என்று மட்டும் மாதாவிடம் சொல்ல வேண்டாம்.