பொம்பெய் படங்களும் சுதந்திரமும் – கடிதம், பதில்

அன்புள்ள அக்கா,

போன மாசம் வேலை விஷயமா இத்தாலி போயிருந்தேன், ஒரு நாள் லீவு கிடைச்சுது, எரிமலைச் சாம்பல்ல புதைஞ்சு போன ரோமானிய ஊர் பொம்பெய்யைப் பாத்துட்டு, அங்க கிடைச்ச காமப் படங்களையும் சிலைகளையும் வச்சிருக்கற நேப்பிள்ஸ் மியூசியத்து ரகசிய அறைக்கும் போனேன். கூட வந்தவங்க சிரிச்சுக்கிட்டே போட்டோ எடுத்தாங்க. எனக்கு வேற மாதிரி தோணுச்சு. 2000 வருஷத்துக்கு முன்னாடியே இந்த மக்கள் காமத்தை குற்ற உணர்ச்சியே இல்லாம பாத்திருக்காங்க, எல்லாரும் சுதந்திரமா இருந்திருக்காங்க, நடுவுல வந்த ஒழுக்கம்தான் எல்லாத்தையும் கெடுத்துருச்சு. நான் நினைக்கிறது சரியா?

ர.

அன்புள்ள ர.,

பாதி சரி தம்பி. அந்த ரகசிய அறையே ரோமானியங்க வச்சது இல்ல. 1819ல நேப்பிள்ஸ் இளவரசர் (பின்னாடி முதலாம் பிரான்சிஸ் ராஜா ஆனவர்) மனைவி மகளோட வந்து பாத்து அதிர்ச்சியாகி, இதெல்லாம் தனி ரூம்ல போட்டுப் பூட்டுங்கன்னு சொன்னதுல வந்தது. அப்புறம் திறக்கறதும் மூடறதுமா இருந்து 2000ல தான் எல்லாருக்கும் திறந்தாங்க. வாசல், பேக்கரி சுவர், தோட்டம்னு ஊர் முழுக்க கிடந்ததை ஒரே ரூம்ல குவிச்சா எல்லாமே ஆபாசமாத்தான் தெரியும். மணி கட்டித் தொங்கற வெண்கல ஆண்குறி பாத்திருப்பீங்களே, அது காமத்துக்கு இல்ல, திருஷ்டிக்கு. அந்தக் குறிக்குள்ள இருக்கற சக்திதான் பச்சைக்குழந்தையையும் காப்பாத்துது, ஜெயிச்சு ஊர்வலம் வர்ற தளபதியையும் காப்பாத்துது, அவர் தேருக்கு அடியில அதைத் தொங்கவிடுவாங்கன்னு ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கார்.

ஆனா "எல்லாரும் சுதந்திரமா"ன்னு எழுதினீங்க பாருங்க, அதை என்னால ஒத்துக்க முடியல.

பொம்பெய்ல வெட்டியஸ்ங்கற பேர் உள்ள ரெண்டு பேரோட வீட்டுக்குப் போயிருப்பீங்க, வாசல்லயே பிரியாபஸ்ங்கற வளமைக் கடவுள் படத்துல நிப்பார், தராசுல ஒரு பக்கம் பணமூட்டை, இன்னொரு பக்கம் தன்னோட குறி. எல்லாரும் அதைத்தான் போட்டோ எடுப்பாங்க. அதே வாசல் பக்கத்துச் சுவர்ல சின்னதா ஒரு கிறுக்கல் இருந்துச்சு, யூட்டிகிஸ்னு ஒரு பொண்ணோட பேர், 2 ஆஸ், நல்ல குணம் உள்ளவள்னு. ஆஸ்ங்கறது அன்னைக்கு இருந்த சில்லறைக் காசு. அதே ஊர்ல ஒரு கடைச் சுவர்ல ஒயின் விலை எழுதியிருக்கு, 1 ஆஸ் குடுத்தா சாதாரண ஒயின், 2 குடுத்தா நல்லது, 4 குடுத்தா ஃபலேர்னியன்ங்கற உசத்தி ஒயின். அப்போ யூட்டிகிஸோட விலை ஒரு கப் நல்ல ஒயின். அந்த வரியை அவளே எழுதினாளா, முதலாளி எழுதினானா, யாராவது அசிங்கப்படுத்த எழுதினாங்களா, எதுவா இருந்தாலும் எனக்கு அந்த தராசைப் பாக்கும்போதெல்லாம் அவ பேர்தான் ஞாபகம் வருது.

லுபனார்ங்கற விபச்சார விடுதியையும் பாருங்க, மேல கீழன்னு 10 ரூம், கீழ இருக்கற ரூம்ல கல்லால கட்டின கட்டில், ரூமே நெஞ்சை அடைக்கற அளவு சின்னது. ஆனா கதவுக்கு மேல சுவர்ல வரைஞ்ச படத்துல மெத்தை, தலையணை, விளக்கு எல்லாம் சொகுசா இருக்கு. அங்க வேலை செஞ்சவங்க பெரும்பாலும் அடிமைங்க, வேண்டாம்னு சொல்ற உரிமையே கிடையாது. அடிமைப் பொண்ணை ஒருத்தன் பலாத்காரம் செஞ்சா நஷ்டஈடு கேக்கறது அவ முதலாளி, அவ இல்ல. முதலாளியே செஞ்சா கேள்வியே இல்ல.

சரி, அடிமை இல்லாத குடும்பத்துப் பொண்ணாவது சுதந்திரமா இருந்தாளான்னா அதுவும் இல்ல. கிமு 18ல ரோமானியச் சக்கரவர்த்தி அகஸ்டஸ் சட்டம் போட்டார், மனைவி வேற ஆணோட உறவு வச்சா புருஷன் விவாகரத்து செஞ்சே ஆகணும், சில சமயம் அப்பாவே மகளைக் கொல்லலாம்னு கூட இருந்துச்சு. புருஷன் அடிமைகிட்டயோ விபச்சாரிகிட்டயோ போனா அது குற்றமே இல்ல. கிமு 2ல அதே குற்றச்சாட்டுல தன் சொந்த மகள் ஜூலியாவையே பண்டடேரியாங்கற குட்டித் தீவுக்கு அனுப்பிட்டார். கூச்சம் இல்லாததும் சுதந்திரமும் ஒண்ணு இல்ல, அந்த ஊர்ல கூச்சப்படாம இருக்க முடிஞ்சது முக்கியமா சுதந்திரமா பிறந்த ஆம்பளைங்களுக்குத்தான்.

நீங்க எடுத்த போட்டோல பொம்பெய்ல இருந்த கேசிலியஸ் இயுகுண்டஸ்ங்கறவர் வீட்டுப் படம் இருக்கான்னு பாருங்க, மியூசியத்துலதான் இருக்கு. கட்டில்ல ஒரு ஆணும் பெண்ணும், ரொம்ப அழகா வரைஞ்சிருக்காங்க, எனக்கும் பிடிச்ச படம் அது. அவங்களுக்குப் பின்னாடி மூணாவதா ஒருத்தர் அமைதியா நிப்பார், அந்த வீட்டு அடிமை. ஜூம் பண்ணி அவர் முகத்தைப் பாருங்க.