அழுது முடித்ததும் வரும் நிம்மதி

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற மாதம் வீட்டில் தனியாக இருந்த நாட்களில் போர்ப் படங்களாகப் பார்த்துத் தள்ளினேன். 'ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்', ஜப்பானிய அனிமேஷன் படமான 'கிரேவ் ஆஃப் த ஃபயர்ஃபிளைஸ்', கடைசியாக ரஷ்ய மொழிப் படமான 'கம் அண்ட் சீ'. முதல் இரண்டுக்கும் தேம்பித் தேம்பி அழுதேன். அழுது முடித்ததும் மனசு லேசாகிவிட்டது, நன்றாகத் தூங்கினேன். மறுநாள் அதை நினைத்தபோது என் மீதே அருவருப்பு வந்தது. அத்தனை பேர் செத்ததைப் பார்த்துவிட்டு எனக்கு எப்படி நிம்மதி வரலாம்? மூன்றாவது படத்துக்கு அழுகையே வரவில்லை. ஆனால் பல நாட்கள் சாப்பாடு இறங்கவில்லை, யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. "உன்னை யார் இதையெல்லாம் பார்க்கச் சொன்னது?" என்கிறார் கணவர். அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. இப்படிப் படம் பார்த்துக் கலங்குவதால் யாருக்கு என்ன பயன்? பதின்மூன்று வயது மகன் தானும் பார்க்க வேண்டும் என்கிறான். காட்டலாமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

*

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கணவரின் கேள்வியைப் பிறகு பார்ப்போம். உங்களுக்கு வந்த அருவருப்பு அதைவிட முக்கியமானது.

இதே அருவருப்பு 1600 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவருக்கு வந்திருக்கிறது. கிறித்தவ அறிஞரான புனித அகஸ்டின் இளைஞனாக வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் இருந்தபோது நாடகப் பைத்தியம். பிற்காலத்தில் தன் வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்து எழுதும்போது கேட்கிறார்: தனக்கே நேர்ந்தால் தாங்க முடியாத துயரத்தை மேடையில் பார்த்து அழ மனிதன் ஏன் ஆசைப்படுகிறான்? அந்த அழுகை அவனுக்கு எப்படி இன்பமாக இருக்கிறது? மேடையில் துன்பப்படுபவனுக்கு உதவச் சொல்லி யாரும் நம்மைக் கூப்பிடுவதில்லை, வருந்த மட்டும்தான் கூப்பிடுகிறார்கள், இதில் இரக்கம் எங்கே வந்தது என்கிறார். 1758-இல் தத்துவஞானி ரூசோ இன்னும் கடுமையாகவே எழுதினார். நாடகத்தில் கண்ணீர் விட்டவன் மனிதாபிமானத்துக்குச் செலுத்த வேண்டிய கடனை அங்கேயே அடைத்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறான் என்பது அவர் குற்றச்சாட்டு.

இருவர் சொன்னதும் பாதி சரி. ஆனால் அவர்கள் மனதில் இருந்தவை பெரும்பாலும் கட்டுக்கதை நாடகங்கள். நீங்கள் பார்த்த மூன்று படங்களுக்கும் பின்னால் உண்மையில் செத்தவர்கள் இருக்கிறார்கள். ஆகவே, அழுததற்காக உங்களை நீங்களே திட்டிக்கொள்வதை விட்டுவிட்டு, எந்தப் படம் உங்களை யாருடைய பக்கத்தில் உட்காரவைத்தது என்று யோசித்துப் பாருங்கள்.

'ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்' 1993-இல் வந்தது. நாஜிகள் கொன்ற யூதர்கள் ஏறத்தாழ 60 லட்சம் பேர். படம் பின்தொடர்வது பிழைத்த ஆயிரத்துச் சொச்சம் பேரை. சாவு வழிநெடுகக் கிடக்கிறது, ஆனால் கதை போய்ச் சேரும் இடம் பிழைப்பு. முடிவில் உண்மையாகவே தப்பித்தவர்கள் வந்து, தங்களைக் காப்பாற்றிய ஜெர்மன் தொழிலதிபர் ஷிண்ட்லரின் கல்லறையில் கல் வைக்கிறார்கள். நாமும் அந்த வரிசையில் நின்றுவிட்டு எழுந்து வருகிறோம். உங்களுக்கு வந்த நிம்மதியை அந்தப் படத்தின் அமைப்பே உள்ளே வைத்திருக்கிறது, நீங்கள் கல்நெஞ்சக்காரி என்பதால் வந்ததில்லை. இதை வைத்து இயக்குநர் ஸ்பீல்பெர்க்கைக் குறைத்துப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அடுத்த ஆண்டே அவர் தொடங்கிய அமைப்பு உயிர் பிழைத்தவர்களைத் தேடிப் போய் 50,000-க்கும் மேற்பட்ட வாக்குமூலங்களைப் பதிவு செய்து வைத்திருக்கிறது. ரூசோ இதைக் கேள்விப்பட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

ஜப்பானியப் படத்தின் இயக்குநர் இசாவோ தகஹாதா ஒன்பது வயதில் ஒகயாமா நகரக் குண்டுவீச்சில் தப்பியவர். கதை ஓர் அண்ணனையும் தங்கையையும் பற்றியது. படம் தொடங்கும்போதே அண்ணன் ரயில் நிலையத்தில் செத்துக்கொண்டிருக்கிறான், ஆகவே ஏமாற்று நம்பிக்கை எதையும் அவர் தரவில்லை. இருந்தும் அழுகை நம்மைக் கழுவிவிடுகிறது. காரணம் இரண்டு குழந்தைகளும் குழந்தைகள். குண்டு போட்டவர்கள் வானத்தில் எங்கோ உயரத்தில் இருக்கிறார்கள், முகமே இல்லை. இது போர் எதிர்ப்புப் படமில்லை என்று தகஹாதாவே சொல்லிவந்தார். யாரும் அவர் பேச்சைக் கேட்டதாகத் தெரியவில்லை. (1988-இல் இதையும் குழந்தைகளுக்கான குதூகலப் படம் 'மை நெய்பர் டோட்டோரோ'வையும் சேர்த்து ஒரே டிக்கெட்டில் காட்டியிருக்கிறார்கள். பார்க்க வந்த குழந்தைகள் பாவம்.)

இப்போது உங்களைச் சாப்பிட விடாத படத்துக்கு வருவோம். எலெம் கிளிமோவ் 1985-இல் எடுத்தது. அவரோடு சேர்ந்து திரைக்கதை எழுதிய அலெஸ் அதமோவிச், பதின்வயதில் பெலாரஸில் நாஜிகளை எதிர்த்த கெரில்லாக்களோடு இருந்தவர். எரிக்கப்பட்ட கிராமங்களில் தப்பியவர்களைத் தேடிப் போய் அவர்கள் சொன்னதைப் புத்தகமாக்கியவர்களில் ஒருவர். படத்தில் வரும் கொடுமை எழுத்தாளரின் கற்பனையில் உதித்ததில்லை. 628 கிராமங்கள் மக்களோடு சேர்த்து எரிக்கப்பட்டன என்று முடிவில் எழுத்து வருமே, அந்த எண்ணுக்கு முன்னால் நாம் பார்த்தது ஒரே ஒரு கிராமம்.

இந்தப் படத்தில் கொடுமையைச் செய்தவர்கள் எங்கும் ஒளிந்துகொள்ளவில்லை. சிரிக்கிறார்கள், குடிக்கிறார்கள். கொட்டகைக்குள் ஆட்களை அடைத்துத் தீ வைத்துவிட்டுக் கை தட்டுகிறார்கள். கதையின் நாயகனான பையனை மண்டியிட வைத்து, நெற்றிப்பொட்டில் துப்பாக்கியை வைத்து, அவனைச் சுற்றி நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். சுடவில்லை. அவர்களுக்கு வேண்டியது அந்தப் போட்டோ. பெரும்பாலான பார்வையாளர்கள் நினைவில் வைத்திருப்பது எரியும் கொட்டகையை. எனக்கு அந்தப் போட்டோதான் மறக்கவில்லை.

உங்களுக்கு ஏன் அழுகை வரவில்லை என்பதற்குத் தொல்காப்பியத்தில் ஒரு விளக்கம் கிடைக்கிறது. அதன் மெய்ப்பாட்டியல் என்ற பகுதி எட்டு உணர்ச்சிகளைச் சொல்லி, ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறக்கும் என்று நான்கு நான்காக அடுக்குகிறது. அழுகைக்குச் சொல்வது இளிவு (இகழப்படுவது), இழவு (இழப்பு), அசைவு (முன்பிருந்த நிலை கெட்டு வருந்துவது), வறுமை. அந்தப் பட்டியலில் கொலை இல்லை. கொலை எங்கே இருக்கிறது என்று தேடினால் வெகுளியில், அதாவது கோபத்தில், இருக்கிறது: 'உறுப்பறை குடிகோள் அலைகொலை'. உறுப்பை அறுப்பது, குடியைக் கெடுப்பது, அடித்து வருத்துவது, கொல்வது. ஒரு போர்ப் படத்தில் நடப்பதை எல்லாம் இந்த ஒரு வரிக்குள் அடக்கிவிடலாம். இலக்கணம் எழுதியவர் சினிமாவுக்காக இதை எழுதவில்லைதான். ஆனாலும் இழப்பைப் பார்த்தால் அழுகை, இழக்க வைத்தவனைப் பார்த்தால் வெகுளி என்ற பிரிவு உங்கள் மூன்று படங்களுக்கும் அப்படியே பொருந்துகிறது. அழுகைக்குக் கண் வழியாக ஒரு வாசல் உண்டு. படம் பார்த்து வந்த வெகுளிக்கு எந்த வாசலும் கிடையாது. உங்கள் தொண்டையில் சாப்பாட்டை மறித்துக்கொண்டு நின்றது அதுதான் என்று நினைக்கிறேன்.

கிளிமோவுக்கு இது தெரியும். கடைசியில் பையன் தண்ணீரில் கிடக்கும் ஹிட்லர் படத்தைச் சுடுகிறான். ஒவ்வொரு குண்டுக்கும் வரலாறு பின்னோக்கி ஓடுகிறது. இடிந்த கட்டடங்கள் எழுந்து நிற்கின்றன, ஊர்வலங்கள் பின்னால் நடக்கின்றன, ஹிட்லர் இளைஞனாகி, சிறுவனாகி, அம்மா மடியில் குழந்தையாக உட்கார்ந்திருக்கிறார். அங்கே பையனால் சுட முடியவில்லை. நம் கோபத்தையும் உச்சிக்குக் கொண்டுபோய் அந்தக் குழந்தை முகத்துக்கு முன்னால் விட்டுவிடுகிறார்கள். கீழே இறக்கிவைக்க இடமில்லை.

அதற்காகக் கோபம் வந்தால் நல்ல படம் என்று அளவுகோல் வைத்துக்கொள்ளாதீர்கள். 1915-இல் அமெரிக்காவில் வந்த 'த பர்த் ஆஃப் எ நேஷன்' படத்தைப் பார்த்தவர்களும் நெஞ்சு கொதித்துத்தான் எழுந்தார்கள். வெள்ளையர்களைக் கறுப்பர்கள் ஒடுக்குவதாகக் கதை கட்டிய படம் அது. தேய்ந்து மறைந்திருந்த வெள்ளை இனவெறி அமைப்பான கு கிளக்ஸ் கிளான் அதே ஆண்டில் மறுபடி உயிர்பெற்றது, அதற்கு ஆள் சேர்க்கவும் அந்தப் படம் பயன்பட்டது. பார்த்தவர்களின் உணர்ச்சி முழுக்க உண்மையாகவே இருந்திருக்கும். யாருக்காகக் கொதிக்கிறோம் என்பதை மட்டும் அவர்கள் பொய்யிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். கலங்கிப் போனோம் என்பதை வைத்து ஒரு படம் உண்மை சொல்கிறது என்று முடிவுகட்ட முடியாது.

'தி ஆக்ட் ஆஃப் கில்லிங்' என்ற 2012 ஆவணப்படத்தைப் பற்றிச் சொல்லாமல் உங்களுக்குப் பதில் எழுத முடியாது. இந்தோனேசியாவில் 1965-66-இல் கம்யூனிஸ்டுகள் என்று முத்திரை குத்திக் கொல்லப்பட்டவர்கள் குறைந்தது 5 லட்சம் பேர் என்று மதிப்பிடுகிறார்கள். கொன்றவர்கள் தண்டிக்கப்படவில்லை, மரியாதையோடு ஊரில் நடமாடினார்கள். மேடான் நகரத்தில் அப்படி ஒருவர் அன்வர் காங்கோ. இளமையில் தியேட்டர் வாசலில் பிளாக்கில் டிக்கெட் விற்றவர், ஹாலிவுட் படப் பிரியர். படம் முடிந்த உற்சாகத்தோடு எதிர்ப்பக்கம் இருந்த அலுவலகத்துக்குப் போய்க் கொலை செய்ததை அவரே ஆடிக்காட்டிச் சொல்கிறார். இயக்குநர் ஜோஷுவா ஓப்பன்ஹைமர் அவரையும் கூட்டாளிகளையும் செய்த கொலைகளைத் தங்களுக்குப் பிடித்த சினிமா பாணியில் நடித்துக் காட்டச் சொல்கிறார்.

ஒரு காட்சியில் கொல்லப்படுபவராக அன்வரே நடிக்கிறார். கழுத்தில் கம்பி. பிறகு வீட்டில் அந்தக் காட்சியைப் போட்டுப் பார்க்கிறார். பேரப்பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்கிறார். பார்த்துவிட்டுக் கேட்கிறார்: நான் சித்திரவதை செய்தவர்களுக்கும் இப்படித்தான் இருந்திருக்குமா? அவர்கள் உணர்ந்ததை நானும் உணர்கிறேனே. திரைக்கு வெளியிலிருந்து இயக்குநரின் குரல் வருகிறது. அவர்களுக்கு இதைவிடப் பல மடங்கு மோசமாக இருந்தது, உங்களுக்கு இது சினிமா என்று தெரியும், அவர்களுக்குத் தாங்கள் சாகப்போகிறோம் என்று தெரியும். அன்வருக்குக் கண் கலங்குகிறது.

கொன்றவரையும் சினிமா அழவைத்துவிடும். இது சினிமா என்பது நமக்கும் தெரியும், அதனால்தான் அழுதுவிட்டு நன்றாகத் தூங்கவும் முடிகிறது. இன்னொரு செய்தி, அந்தப் படத்தின் பெயர்ப் பட்டியலில் இந்தோனேசியக் கலைஞர்கள் பலருக்கு அவர்கள் பாதுகாப்புக்காக 'பெயரிலி' என்றுதான் போட்டிருக்கிறது. படம் எடுத்தவர்களுக்கு அது சினிமாவோடு முடியவில்லை.

யாருக்குப் பயன் என்று கேட்டிருந்தீர்கள். செத்தவர்களுக்கு எந்தப் பயனும் இல்லை. உங்களுக்கு இருக்கக்கூடும், படம் முடிந்த பிறகு செய்தவர்களைப் பற்றிப் படிக்கத் தொடங்கினால். யூதப் படுகொலை பற்றிய கிளாட் லான்ஸ்மனின் ஆவணப்படம் 'ஷோவா' (1985) ஒன்பது மணி நேரத்துக்கும் மேல் ஓடும். அதில் ஒரு பழைய காட்சித் துண்டுகூடக் கிடையாது, பிணம் கிடையாது, பேச்சு மட்டும்தான். வதை முகாம்களுக்குப் போன ரயில்களுக்கு அட்டவணை போட்ட ரயில்வே அதிகாரி ஒருவர் வருகிறார். மேசையை விட்டு எழவே நேரமில்லை, ரயிலைக் கண்ணால் பார்த்ததே இல்லை, எதற்காகப் போகிறது என்று தெரியாது என்கிறார். அவரைப் பார்த்து உங்களுக்கு அழுகை வராது. ஒரே மூச்சில் பார்க்க வேண்டாம், துண்டு துண்டாகப் பாருங்கள்.

பார்க்கவே வேண்டாம் என்று நான் சொல்வது ஒரு வகைதான். கொல்கிறவனே எடுத்த காட்சிகள். வார்சாவில் யூதர்கள் அடைக்கப்பட்ட பகுதியை 1942-இல் ஜெர்மானியப் படக்குழு போய்ப் படம்பிடித்தது, பல காட்சிகளை நடிக்கவைத்தே எடுத்தார்கள். 2009-இல் வன்னியில் சிப்பாய்கள் கைபேசியில் எடுத்தவை நமக்குத் தெரியும். விசாரணைக்கும் ஆவணத்துக்கும் அவை கட்டாயம் வேண்டும். இரவில் படுக்கையில் கிடந்தபடி கைபேசியில் தள்ளித் தள்ளிப் பார்க்க வேண்டியவை இல்லை. அங்கே நம் கண் இருப்பது சுட்டவனின் கண் இருந்த இடத்தில்.

அப்புறம் உடம்பு. சாப்பாடும் தூக்கமும் மறுபடி கெட்டால் கொஞ்ச காலம் நிறுத்திவிடுங்கள், அதில் கோழைத்தனம் ஒன்றுமில்லை. 1998-இல் நார்மண்டி கடற்கரைச் சண்டையைக் காட்டிய ஹாலிவுட் படம் வந்தபோது, அதைப் பார்த்துக் கலங்கிய முன்னாள் வீரர்களுக்காக அமெரிக்க அரசு தொலைபேசி உதவி எண்ணே ஏற்படுத்தியது. உங்கள் கணவர் கேட்டதில் அக்கறைதான் தெரிகிறது. அடுத்த முறை அவரையும் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள்.

மகனுக்கு 'கம் அண்ட் சீ' இப்போது வேண்டாம். ஜப்பானியப் படத்தை உங்களோடு பார்க்கட்டும். குண்டு போட்டது யார், ஏன் என்று நிச்சயம் கேட்பான், அதை நீங்கள் முதலில் படித்துவிட்டுக் காட்டுங்கள். இரண்டு மூன்று வருடம் கழித்து நாஜி முகாம்கள் பற்றிய அலென் ரெனேயின் ஆவணப்படம் 'நைட் அண்ட் ஃபாக்' (1956) காட்டலாம், அரை மணி நேரப் படம்தான். பிணக்குவியல்கள் வரும், அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அதோடு இன்னொன்றையும் சொல்லுங்கள். அதில் ஒரு புகைப்படத்தில், யூதர்களை அடைத்துவைத்த முகாமைக் காவல் காக்கும் பிரெஞ்சுப் போலீஸ்காரரின் தொப்பி தெரிந்தது. பிரெஞ்சுத் தணிக்கைக்காரர்கள் அந்தத் தொப்பியை மறைக்கச் சொன்னார்கள். படத்தில் அந்த இடம் வரும்போது அவனைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.