பாயும் புலி பேட்ஜ் – கடிதம்

வணக்கம் சார்,

இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் ராணுவத்தில் சேர்ந்த வெளிநாட்டுத் தன்னார்வலர்களின் கைச்சின்னங்களைச் சேகரிக்கிறேன். ஸ்பெயின், பிரான்ஸ், குரோஷியா இருக்கின்றன. இப்போது 'ஃப்ரையஸ் இண்டியன்' (ஜெர்மன் மொழியில் 'சுதந்திர இந்தியா') ஒன்று விலைக்கு வருகிறது. மூவண்ணத்தின் மேல் பாயும் புலி. அசலா என்று எப்படிப் பார்ப்பது? நாஜிப் பொருள் வீட்டுக்குள் வரக்கூடாது என்கிறார் மனைவி. நேதாஜியின் வீரர்கள் அணிந்தது, பெருமைதானே?

ம.

அன்புள்ள ம.,

புற ஊதா விளக்கில் நூல் பளிச்சென்று ஒளிர்ந்தால் அநேகமாகப் போலி. ஒளிராவிட்டாலும் அசல் என்று அர்த்தமில்லை. அனுபவமுள்ள சேகரிப்பாளரிடம் காட்டுங்கள். விலை பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் 'பெருமைதானே' என்று ஒரே வார்த்தையில் கடந்துவிட்டீர்களே, அது எனக்குப் பொறுக்கவில்லை. கொஞ்ச காலமாக அந்த மனிதர்களைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். வட ஆப்பிரிக்காவில் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்துக்காகச் சண்டையிட்டுப் பிடிபட்டவர்கள். ஜெர்மனியில் அன்னாபுர்க் போர்க்கைதி முகாமில், ஜெர்மன் ராணுவத்தின் இந்தியப் படையில் சேரச் சொல்லி போஸ் அவர்களிடம் பேசினார். பெரும்பாலான கைதிகள் சேரவில்லை. சேர்ந்தவர்கள் ஏறக்குறைய மூவாயிரம் பேர். வெள்ளைக்காரன் மேல் கோபத்தில் சேர்ந்தவனும் உண்டு, முள்வேலியிலிருந்து வெளியே வந்தால் போதும் என்று சேர்ந்தவனும் உண்டு. ஹிட்லர் பெயரையும் போஸ் பெயரையும் சேர்த்துச் சொல்லி உறுதிமொழி எடுத்தார்கள்.

1943 பிப்ரவரியில் போஸ் கீல் துறைமுகத்தில் நீர்மூழ்கி ஏறிக் கிழக்கே போய்விட்டார். இவர்கள் அங்கேயே நின்றார்கள். இந்தியாவுக்குள் நுழைவோம் என்று நம்பியவர்களை ஹாலந்துக் கடற்கரைக்கு அனுப்பினார்கள், அப்புறம் பிரான்ஸில் போர்தோ பக்கம் லக்கனோவுக்கு. யாருடைய கடற்கரையை யாருக்காகக் காத்தார்கள்? 1944 ஆகஸ்டில் படையை அப்படியே நாஜிக் கட்சியின் ஆயுதப் படையான வாஃபன் எஸ்எஸ்ஸிடம் ஒப்படைத்தார்கள். பின்வாங்கும் வழியில் பிரெஞ்சுப் பொதுமக்கள் மேல் அத்துமீறியவர்கள் இவர்களிடையே இருந்தார்கள். பிரெஞ்சுப் போராளிகளிடம் சிக்கிச் சுட்டுக்கொல்லப்பட்டவர்களும் இருந்தார்கள். நீங்கள் வாங்கப்போகிற புலி இவ்வளவையும் பார்த்த கையில் இருந்தது. இதில் எந்தப் பகுதிக்குப் பெருமைப்படுகிறீர்கள்? யோசித்துச் சொல்லுங்கள்.

எங்கள் ஊரில் ஒரு பெரியவர் இருந்தார். மலேயா ரப்பர் தோட்டத்திலிருந்து ஐஎன்ஏவில், அதாவது நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில், சேர்ந்தவர். அது வேறு படை, கிழக்கே இருந்தது. அவர்களுக்கும் புலிதான் சின்னம். ஒவ்வொரு சுதந்திர தினத்துக்கும் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டு, துண்டு போர்த்தி, நேதாஜியைப் பார்த்ததைச் சொல்லச் சொல்வார்கள். அவர் இம்பாலிலிருந்து திரும்பிய வழியில் பசியில் விழுந்த கூட்டாளியைப் பற்றி ஆரம்பிப்பார். உடனே யாராவது 'ஜெய்ஹிந்த்' என்று கத்திக் கைதட்டி முடித்துவிடுவார்கள். மேடையை விட்டு இறங்கும்போது அவர் முகத்தைப் பார்த்திருக்கிறேன். அவரை யாரும் முழுசாகப் பேச விடவில்லை. அந்தக் கூட்டாளியின் பெயர்கூட எங்களுக்குத் தெரியாமல் போயிற்று. உங்கள் 'பெருமைதானே'வில் அந்தக் கைதட்டல்தான் எனக்குக் கேட்கிறது, தம்பி.

உங்கள் மனைவி கேட்டதில் நியாயம் இருக்கிறது. அவரைச் சமாளிக்கப் பார்க்காதீர்கள், உட்கார்ந்து பேசுங்கள். விற்பவரிடம் இது யாருடைய சட்டையிலிருந்து பிரித்தது என்று கேளுங்கள். கூடவே ஒரு கடிதமோ, சம்பளப் புத்தகமோ, பெயர் எழுதிய புகைப்படமோ வந்தால் வாங்குங்கள், அந்தப் பெயரைத் தேடுவதற்கு நானும் உதவுகிறேன். துணி மட்டும்தான் என்றால் அந்தப் பணத்துக்கு அந்தப் படையைப் பற்றிய நல்ல புத்தகங்களை வாங்கிப் படியுங்கள்.