குடும்பத்தோடு கடலுக்கு: எந்த ஊர், எந்தக் கரை, எந்த மாதம்?

விடுமுறை நெருங்கினால் வரும் கேள்விகளில் பாதி, ‘எந்தக் கடற்கரை அழகு?’ என்பதுதான். குழந்தைகளையும் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் அழகைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, கரையின் வடிவத்தையும் போகிற மாதத்தையும் முதலில் பாருங்கள்.

கேள்வி: எங்கள் பிள்ளைகளுக்கு வயது இரண்டு, ஐந்து. பயமில்லாமல் தண்ணீரில் விளையாட விட எந்த ஊர் நல்லது?

திறந்த கடலைப் பார்த்த கரையில் அலை நேராக வந்து அறையும். பிறைபோல வளைந்த சிறு குடாவிலோ, முன்னால் பவளப்பாறை தடுத்து நிற்கும் கரையிலோ அது வேகம் தணிந்துதான் உள்ளே வரும். இலங்கையின் பாசிக்குடா அப்படிப்பட்டது. ஆழம் மெல்ல மெல்லத்தான் கூடும். தெற்கு கோவாவின் பாலோலமும் நல்ல தேர்வு, மழைக்காலம் தவிர.

எந்த ஊரானாலும் பெரியவர் ஒருவர் முதலில் இறங்கி நடந்து பாருங்கள். நாலைந்து எட்டிலேயே முழங்கால் தண்ணீர் மார்புக்கு வந்துவிட்டால் அந்த இடம் வேண்டாம். அலை தூரத்தில் உடையாமல் கரைக்கு வந்தபின் ‘தொப்’பென்று விழுந்தாலும் சரிவு அதிகம் என்று பொருள். திரும்பும் தண்ணீர் குதிகாலுக்குக் கீழிருந்து மணலை உருவிக்கொண்டு போகும். உங்களுக்கே கால் தடுமாறும் இடத்தில் இரண்டு வயதுக் குழந்தையால் நிற்க முடியாது. அமைதியான கரையிலும் பிள்ளை உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கவேண்டும்.

கேள்வி: எங்களுக்கு ஆகஸ்டில்தான் லீவு. அப்போது எங்கே போகலாம்?

ஒரே நாட்டில் ஒரு பக்கம் கடல் கொந்தளிக்கும், மறுபக்கம் குளம்போலக் கிடக்கும். இதைப் பார்க்காமல் டிக்கெட் எடுத்துவிட்டு, அறைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் குடும்பங்கள் ஏராளம். ஆகஸ்டில் இலங்கை என்றால் கிழக்குக் கரை: திருகோணமலை, நிலாவெளி, பாசிக்குடா. உணவட்டுன, மிரிஸ்ஸ போன்ற தென்கரை ஊர்களை டிசம்பர் முதல் மார்ச் வரைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தாய்லாந்தில் ஃபுக்கெட் பக்கம் அப்போது பருவமழை. கோ சமூய் தேவலை. மலேசியாவின் ரெடாங், பெர்ஹென்தியான் தீவுகளுக்கும் ஆகஸ்ட் ஏற்ற மாதம்தான். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்றில் அங்கே பெரும்பாலான விடுதிகள் மூடிக்கிடக்கும். கோவா, கேரளக் கரைகளில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழையை ரசிக்கலாம், கடலில் இறங்கக் கூடாது.

கேள்வி: கடற்கரையில் இருபுறமும் அலை அடிக்க, நடுவில் ஓரிடம் மட்டும் அமைதியாக இருக்கிறது. பிள்ளைகளை அங்கே குளிக்க விடலாமா?

விடவே விடாதீர்கள். கரைக்கு வந்து சேரும் தண்ணீர் திரும்பிப் போக வழி தேடும். மணல்திட்டுகளுக்கு நடுவே பள்ளம் இருந்தால் எல்லாத் தண்ணீரும் அதில் சேர்ந்து ஆறுபோலக் கடலை நோக்கி ஓடும். பள்ளத்தில் ஆழம் அதிகம் என்பதால் அங்கே அலை உடையாது. பார்வைக்கு அமைதியாகத் தெரியும். இதுதான் ரிப் கரண்ட். தண்ணீர் சற்றுக் கருத்திருக்கும், நுரையும் பாசியும் கரையை விட்டு விலகிப் போய்க்கொண்டிருக்கும். உயரமான இடத்தில் ஐந்து நிமிடம் நின்று பார்த்தால் கண்ணுக்குப் பிடிபடும்.

வேகம் கூடும்போது அது நொடிக்கு 2 மீட்டரையும் தாண்டும், நீச்சல் வீரராலும் எதிர்த்து நீந்த முடியாது. ஆனால் அது ஆளை அடியில் அமுக்காது, வெளியேதான் இழுத்துப் போகும். சிக்கினால் பதறாமல் மிதந்தபடி கையைத் தூக்கிக் காட்டவேண்டும். தெம்பு இருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடையும் இடத்துக்கு வந்து, அலையோடு கரைக்குத் திரும்பலாம். கரையில் இருப்பவர் பின்னாலேயே குதிக்கக் கூடாது. லைஃப்கார்டைக் கூப்பிட்டுவிட்டு மிதக்கும் பொருள் எதையாவது வீசுங்கள். காப்பாற்றப் போனவரே மூழ்குவது அடிக்கடி நடக்கிறது.

மேலே சிவப்பும் கீழே மஞ்சளுமான கொடிகள் இரண்டு நட்டிருந்தால் அவற்றுக்கு இடையில் மட்டும் குளியுங்கள். முழுச் சிவப்புக் கொடி பறந்தால் அன்றைக்கு மணல்வீடு போதும்.

கேள்வி: அம்மாவால் மணலில் நடக்க முடியாது. அவருக்கும் கடல் பார்த்த திருப்தி கிடைக்கவேண்டும்.

கடலை ஒட்டி நடைபாதை உள்ள ஊராகப் பாருங்கள். புதுச்சேரியில் கடற்கரைச் சாலையில் மாலையில் வண்டிகளை விடுவதில்லை. நிதானமாக நடந்து, நினைத்த இடத்தில் உட்காரலாம். பிரான்சின் நீஸ் நகரிலும் நீண்ட கடலோர நடைபாதை உண்டு, ஆனால் கரை முழுக்கக் கூழாங்கல் என்பதால் பிள்ளைகளுக்குச் செருப்பு அவசியம். கூட்டம் வேண்டாம் என்றால் தரங்கம்பாடி. டேனிஷ்காரர்கள் 1620-இல் கட்டத் தொடங்கிய கோட்டை கடலுக்கு எதிரிலேயே நிற்கிறது.

கேள்வி: எங்களில் யாருக்கும் நீச்சல் தெரியாது. குளிக்காமல் கடலை அனுபவிக்க முடியுமா?

தாராளமாக. ஒடிசாவின் சாந்திப்பூரில் கடல் வற்றும்போது 5 கிலோமீட்டர் வரை உள்வாங்கும். ஈர மணலில் நண்டு வளைகளையும் சிப்பிகளையும் பார்த்துக்கொண்டே நடக்கலாம்; பிள்ளைகளைத் திரும்ப அழைத்து வருவதுதான் பெரும்பாடு. ஒருமுறை ஏறிய கடல் மறுபடி ஏற ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் ஆகும். அதனால் நேரம் தினமும் தள்ளிப் போகும், அன்றைய கணக்கை உள்ளூர் மீனவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வற்றிக்கொண்டிருக்கும்போதே போய், தண்ணீர் திரும்புவதற்கு முன் கரையேறிவிடவேண்டும்.

கேள்வி: ஜெல்லிமீன் பட்டுவிட்டால்?

கடல்நீராலேயே கழுவுங்கள், நல்ல தண்ணீர் ஊற்றவும் வேண்டாம், மணல் போட்டுத் தேய்க்கவும் வேண்டாம். மூச்சுத் திணறலோ கடும் வலியோ இருந்தால் உடனே மருத்துவமனை. கரையில் செத்துக் கிடப்பதும் கொட்டும் என்பதைப் பிள்ளைகளிடம் முன்பே சொல்லி வையுங்கள்.